மரிபெலுக்கு எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு

ரொகேலியோ என்னை விட்டுப் போனது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்குச் சாப்பிட வந்து நின்றான். கட்டின புருஷனை அவன் இவன் என்கிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இருபத்தாறு வருஷம் நான் கொடுத்த மரியாதையைத் துணிமணியோடு சேர்த்து மூட்டை கட்டி, பன்னிரண்டு தெரு தள்ளி மரிபெல் வீட்டில் கொண்டுபோய் வைத்தவன் அவன்தான். வயிற்றை மட்டும் என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

நானும் சாப்பாடு போட்டேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒரு வருஷம் நாலு மாதம். வெட்கமாக இல்லையா உனக்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அத்லிஸ்கோவைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் ஊரில் ஒரு ஆண்பிள்ளை எங்கே தூங்குகிறான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மதியம் இரண்டரைக்கு எந்த மேசையில் உட்காருகிறானோ அதுதான் அவன் வீடு. பூச்செடித் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு அவனுடைய நீல லாரி என் வாசலில் நிற்கும். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பார்க்கட்டும் என்றுதான் வாசல் கதவை அந்த ஒரு மணி நேரமும் திறந்தே வைத்திருப்பேன். அவள் அங்கே படுக்கை போடலாம், பெண்டாட்டி நான்தான். அந்த லாரி வாசலில் நிற்கிற வரைக்கும் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அவன் சாப்பிடும்போது நான் உட்கார மாட்டேன். அடுப்புப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கறுப்புப் பீன்ஸ், பச்சை சல்சா, கொழுப்பு மிதக்கிற மோலேக் குழம்பு, எது வைத்தாலும் தலை நிமிராமல் சாப்பிட்டு, கடைசிச் சோள ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துவிட்டு எழுந்து போவான். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. துடைத்த தட்டே எனக்கு நற்சான்றிதழ்.

போன நவம்பரில், இறந்தவர்களுக்குப் படைத்த பூக்களை எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்த காலையில், மரிபெல் என் வாசலில் வந்து நின்றாள். முப்பத்தொரு வயது. சதுக்கத்துப் பக்கம் போன் ரிப்பேர் கடையில் வேலை. பத்து நகத்திலும் பத்துப் பூ வரைந்திருந்தாள். கையில் ஒரு புத்தகம், ஒரு பள்ளிக்கூட நோட்டு. துடைப்பத்தை நான் கீழே வைக்கவில்லை.

"தோன்யா எர்மினியா, செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன். ஆனா அடிச்சு முடிச்சுட்டு, சமையல் எழுதிக் குடுங்க."

மூத்தவளுக்குச் சொல்கிற தோன்யாவையும் சேர்த்து, சினிமாக்காரி மாதிரி பேசுகிறாள் என்று நினைத்தேன். பிறகு அந்தப் புத்தகத்தை நீட்டினாள். தலைநகரில் அச்சானது, வழவழப்பான தாள். மெக்சிகோ வீட்டுச் சமையல், புதிதாகக் கற்பவர்களுக்கு என்று அட்டையில் போட்டிருந்தது. எங்கள் சமையலுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நாங்கள் அதைச் சாப்பாடு என்போம். உள்ளே புரட்டினேன். பீன்ஸ் செய்வது எப்படி: ஒரு டின்னைத் திறக்கவும். மாவு செய்வது எப்படி: ஒரு பாக்கெட்டைப் பிரிக்கவும். படங்களில் இருந்த தட்டுகளின் ஓரத்தில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. யாரும் சாப்பிடாத சாப்பாடு அப்படித்தான் இருக்கும்.

அவளுக்கு அம்மா இருந்தும் அடுப்பு இல்லை. பஸ் நிலையத்தில் சீப்பும் கண்ணாடியும் விற்ற அம்மா, தெருக்கடையில் வாங்கிக் கொடுத்தே வளர்த்திருக்கிறாள். வெங்காயத்தை முதலில் உரிக்க வேண்டுமா, வெட்ட வேண்டுமா என்பதுகூடத் தெரியாது. புத்தகத்தைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பீன்ஸ் வைத்திருக்கிறாள். ரொகேலியோ இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளியிருக்கிறான்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"போய் எர்மினியாகிட்ட கத்துக்கோன்னாரு."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னானா, கோபமாகச் சொன்னானா என்று நான் விசாரிக்கவில்லை. சூடான கல்லில் வைத்த பன்றிக் கொழுப்பு மாதிரி உருகிப்போனேன். ஒரு வருஷம் நாலு மாதமாக நான் காதில் விழாதா என்று ஏங்கிய வார்த்தை, அவள் வாய் வழியாக வந்து விழுந்தது. நோட்டை வைத்துவிட்டுப் போ, எழுதித் தருகிறேன் என்றேன். அவனிடம் சொல்லாதே என்றும் சொன்னேன். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொல்லிக்கொள்கிறேன், அவர் அசந்துபோகட்டும் என்று அவள் என் கையைப் பிடித்து முத்தம் வைத்தாள். கையை உதறவும் தோன்றவில்லை எனக்கு.

தெல்ஃபினா ரொகேலியோவின் அக்கா, எனக்கு நாத்தனார், அதற்கு முன்னாலேயே என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். விஷயத்தைச் சொன்னதும் அவள் காப்பியை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "ஒண்ணு, அவளக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளு. இல்லன்னா ஒழுங்கா எழுதிக் குடு. ரெண்டுங்கெட்டானா ஏதாவது பண்ணி வெக்காதடி" என்றாள். என்னை அவ்வளவு நன்றாக அவளுக்குத் தெரியும். நான் ரெண்டுங்கெட்டானாகத்தான் செய்தேன்.

யோசனை இதுதான். நோட்டில் எல்லாம் இருக்கும். அளவு இருக்கும், நேரம் இருக்கும், பதம் இருக்கும். பக்கத்துக்கு ஒன்றே ஒன்று மட்டும் இருக்காது. அவள் எவ்வளவு முயன்றாலும் அது வராது. அவன் நாலு நாள் தின்று பார்ப்பான், எங்கேயோ குறைகிறதே என்று நாக்கைச் சப்புவான், கடைசியில் இந்தக் கைக்கு மாற்றுக் கை கிடையாது என்று புரிந்து, மூட்டையோடு திரும்பி வருவான். வயிறு ஏற்கெனவே இங்கே இருக்கிறது. மிச்சம் வர எத்தனை நாள் ஆகும்?

எழுத உட்கார்ந்தால், ஒன்றுமே தெரியாதவளுக்கு எழுதுவது அத்தனை லேசாக இல்லை. உப்பு போடு என்று எழுதினால், எப்போது என்பாள். ஒரு பீன்ஸை எடுத்து ஊதிப் பார், தோல் சுருண்டால் அப்போது போடு என்று எழுதினேன். மிளகாயைக் கல்லில் வாட்டும்போது ஒரு தடவை இருமினால் சரியான பதம், இரண்டாம் தடவை இருமினால் கருகிவிட்டது, கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பி என்று எழுதினேன். வறுக்கிற அரிசி கரண்டியில் மணல் மாதிரி சத்தம் போட வேண்டும் என்றேன். என் விரல் நுனி எடுக்கிற உப்பைக் கரண்டியில் கொட்டி அளந்து பார்த்தேன். இத்தனை வருஷமாக என் கை என்னென்ன செய்துகொண்டிருந்தது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரம். கண் எரிய எரிய எழுதினேன். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இருந்தது.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேதான் ஓட்டைகளையும் போட்டேன். பீன்ஸ் பானையில் கடைசியாகப் போடுகிற எபசோத்தேக் கீரையை எழுதவில்லை. என் கொல்லைச் சுவரோரம் புதராக மண்டிக் கிடக்கிற அந்தக் கீரையின் வாடை இல்லாமல் என் சமையலே கிடையாது. சல்சாவுக்குப் பச்சைத் தக்காளியைக் கல்லில் கறுக்கச் சுடாமல் வேக வைத்தால் போதும் என்றேன். மோலேயில் சேர்க்கிற கருக்கின ரொட்டியையும் மிளகாய் விதையையும் விட்டேன். பன்றிக் கொழுப்பு போடுகிற இடத்திலெல்லாம் பாதி எண்ணெய் என்றேன். தமாலுக்குச் சோள மாவு பிசைவதில் தொடங்கி, சோளத்தோலில் மடித்து ஆவியில் வைப்பது வரை நாலு பக்கம் எழுதிவிட்டு, பானை அடியில் ஒரு காசு போட வேண்டும் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். கொதிக்கிற தண்ணீரில் காசு கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, ஊற்று என்று அர்த்தம். காசு போடாதவளின் பானை அடிப்பிடித்து, அறுபது தமாலும் புகை நாறும்.

டிசம்பர் முதல் வாரம் நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். கண்ணாடித் தாளில் அட்டை போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை லாரி வரவில்லை. சரிதான், தின்று பார்க்கிறான் என்று சிரித்துக்கொண்டேன். செவ்வாயும் வரவில்லை. இரண்டரை மணிக்குத் தட்டை வைத்து, நாலு மணிக்கு எடுத்தேன். வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக்காரி ஜன்னலை மூடிவிட்டாள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? நானும் வாசல் கதவை மூடினேன். இரண்டு பேருக்குச் சமைத்ததைத் தனியாகத் தின்றேன். கிறிஸ்துமஸும் அப்படியே போனது. வயிறு சரியில்லை போலிருக்கிறது, வேலை அதிகம் போலிருக்கிறது என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் பண்டிகைக்குத் தெல்ஃபினா வீட்டில் எல்லாரும் கூடினோம். பெண்டாட்டி என்ற முறையில் என்னைக் கூப்பிட்டிருந்தாள். தம்பி என்ற முறையில் அவனையும். வளைய ரொட்டியை ஆளுக்கு ஒரு துண்டு வெட்டினோம். உள்ளே மறைத்து வைத்த குழந்தைப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர்கள் பிப்ரவரி இரண்டாம் தேதி கந்தேலாரியாப் பண்டிகைக்கு மொத்தக் குடும்பத்துக்கும் தமால் போட வேண்டும். பொம்மை ரொகேலியோவின் கத்தியில் இடறியது. கைதட்டினார்கள். அவனுக்குப் பொம்மை வந்த வருஷமெல்லாம் தமால் செய்தது நான்தான். அதனால் எல்லார் கண்ணும் பழக்கத்தில் என் பக்கம் திரும்பியது. நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

அவன் மீசையில் ஒட்டின சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு, "மரிபெல் செய்வா" என்றான்.

ஒரு வார்த்தையில் அவளைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்துவிட்டான். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. தெல்ஃபினா மட்டும் மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினாள். எனக்கு அழுகை வரவில்லை. பிப்ரவரி இரண்டு வரட்டும், மொத்தக் குடும்பத்தின் நாக்குக்கு முன்னால் தெரிந்துவிடும் என்று கறுவிக்கொண்டேன்.

பிப்ரவரி இரண்டு அன்றைக்கு, ஊருக்குப் பக்கத்தில் நிற்கிற எரிமலை காலையிலிருந்தே சாம்பல் தூவிக்கொண்டிருந்தது. பானைக்கு மேலே தகரம் கட்டி, தெல்ஃபினா வீட்டு முற்றத்திலேயே அடுப்பு மூட்டினார்கள். மரிபெல் மடித்த தமால்களைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அடுக்கினாள். நகத்தில் பூ ஒன்றும் இல்லை, ஒட்ட வெட்டியிருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் பானைக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன்.

வேண்டுமென்றுதான் உட்கார்ந்தேன். தமால் வேகிற இடத்தில் கோபக்காரர்கள் இருந்தால் மாவு வேகாது, பச்சையாகவே நிற்கும். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்ட வீட்டில் அன்றைக்குத் தமால் பானை ஏற்ற மாட்டார்கள். இருந்த கோபத்தையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு நான் அந்தப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெல்ஃபினா வந்தாள், என்னைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். இரண்டு சோளத்தோலைக் கிழித்துப் பானையின் இரண்டு காதிலும் கட்டினாள். வைதது காதில் விழாமல் இருக்கப் பானைக்குச் செய்கிற பரிகாரம் அது. சின்னப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். போகிற போக்கில், இத்தனை வருஷப் பழக்கத்தில், மூடியைத் தூக்கி ஒரு காசையும் உள்ளே போட்டுவிட்டுப் போனாள். காசு கடகடவென்று ஆடத் தொடங்கியது. என் முகத்தில் ஈயாடவில்லை.

தமால் வெந்தது. பச்சையும் இல்லை, புகையும் இல்லை. தோலை உரித்ததும் ஒட்டாமல் கழன்று வந்தது. பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று தெல்ஃபினாவே சொன்னாள், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். ரொகேலியோ ஐந்து சாப்பிட்டான். சாப்பிடும்போது பேசினான், சிரித்தான், இன்னொன்று எடு என்று கேட்டு வாங்கினான். இருபத்தாறு வருஷத்தில் என் மேசையில் அவன் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. எனக்குக் கொடுத்த தமாலை நான் தொடவில்லை.

யாரோ மரிபெலிடம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே இரண்டு மாதம் காத்திருந்தவள் போல, எனக்குக் கொடுத்த வாக்கையும் மறந்து, அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கண்ணாடித் தாள் அட்டை, ஓரமெல்லாம் மாவுக் கறை.

"தோன்யா எர்மினியா எழுதிக் குடுத்தது. ஒரு எழுத்து மாத்தாம செஞ்சேன். பீன்ஸ், சல்சா, மோலே, எல்லாமே அவங்க கைப்பக்குவம்தான்."

ரொகேலியோ கையிலிருந்த சோளத்தோலைத் தட்டில் வைத்தான். நோட்டை வாங்கிப் புரட்டினான். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஆற்றாமைதான் இருந்தது.

"இப்பிடி சமைக்கத் தெரிஞ்சிருந்தும், எனக்கு ஏன் ஒரு நாள்கூட இப்பிடிப் போடல?"

முற்றத்தில் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அவன் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனான். அந்தக் கீரை வாயில் மண்ணெண்ணெய் ஊற்றினது போல இருக்குமாம். கொழுப்பு நெஞ்சிலேயே நிற்குமாம், பாதி நாள் உட்கார்ந்தபடிதான் தூங்கினானாம். இப்போது இரண்டு மாதமாகத்தான் படுத்துத் தூங்குகிறானாம். அவன் உட்கார்ந்து தூங்கியதை நானும் பார்த்திருக்கிறேன். ருசியில் அளவு தெரியாமல் தின்றுவிட்டான் என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னேன். கல்யாணமான புதுசுல. நீ மூணு நாள் எங்கூடப் பேசல. அப்பறம் தெனம் அடுப்புகிட்ட கையக் கட்டிக்கிட்டு நிப்ப. தட்டு காலியாகற வரைக்கும் கண்ணெடுக்க மாட்ட. யாருக்கு வாய் வரும், எர்மினியா?"

அந்த மூன்று நாள் எனக்கு நினைவே இல்லை. அவன் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் என் மேசைக்கு வந்ததெல்லாம் என்மேல் இருந்த ஆசையா, பயமா, நன்றிக்கடனா, எதுவென்று இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

பேசாமல் இருந்திருந்தால், நல்ல சமையலைப் புருஷனுக்குக் காட்டாமல் ஒளித்துவைத்த கஞ்சப் பிசினாறி என்ற பெயரோடு போயிருக்கும். என் கையைப் பற்றி அப்படி ஒரு பேச்சு வரக் கூடாது என்ற ஆத்திரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். இது என் பக்குவம் இல்லை, அவள் தோற்க வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் கெடுத்து எழுதினேன் என்று அத்தனை பேருக்கு முன்னாலும் சொன்னேன். தெல்ஃபினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ரொகேலியோ நோட்டை மூடி மரிபெலிடம் நீட்டினான். "அப்ப மொதல்லயே கெடுத்திருக்கலாமே" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுச் சொன்னான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மரிபெல் என் முன்னால் வந்து நின்றாள். "எல்லாப் பக்கத்துலயுமா?" என்று கேட்டாள். எல்லாப் பக்கத்திலும் என்றேன். "நான் உங்கள மாதிரி சமைக்கணும்னுதானே கேட்டேன்" என்று சொல்லி, நோட்டை என் மடியில் வைத்துவிட்டு, காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்த முற்றத்தில் இருந்த அத்தனை பேரிலும் என் சமையல் வேண்டும் என்று கேட்டு வந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் நான் அதைக் கொடுக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. எனக்கு வைத்த தமால் ஆறிப்போய்க் கிடந்தது. தோலை உரித்தேன். எங்கே உப்புக் குறைகிறது, எங்கே மாவு இறுகியிருக்கிறது, எங்கே கொழுப்பு போதவில்லை என்று கண்டுபிடித்தே தீருவது என்று ஒவ்வொரு வாயாக மென்று பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.